புதுச்சேரி, கடலூரில் கட்டுமானக் கிரேன்களைப் பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊரில் எந்தக் கட்டுமானக் கிரேன் எப்போது வந்தது, எப்போது போனது என்று நோட்டில் கணக்கு வைக்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கிரேன் கண்ணில் பட்டதும் போட்டோ எடுக்கிறார்கள், தேதி போடுகிறார்கள், அதோடு சரி. மூன்று மாதம் கழித்து "இது எப்போது வந்தது?" என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. போட்டோ எடுத்த நாள் தெரியும். அதற்கு முந்தைய வாரம் அங்கே கிரேன் இருந்ததா இல்லையா என்பது நோட்டில் இருக்காது.

இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அந்த ஓட்டையை அடைக்கத்தான். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்தது பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்று. சென்னை மாதிரி ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து எல்லாக் கிரேன்களையும் எண்ணி முடிப்பது நடக்காத காரியம். புதுச்சேரியிலும் கடலூரிலும் அது முடியும். இங்கே பெரும்பாலான கட்டடங்கள் டவர் கிரேன் இல்லாமலே எழுகின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் ஒன்றைக்கூட விடாத முழுப் பட்டியலை நம்மால் வைத்திருக்க முடியும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போன், சாதாரண பைனாகுலர் (8 மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும்), கோடு போட்ட நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஐப்பசி மழையில் மை கரைந்துவிடும். போனில் மூன்று வசதிகள் தேவை: திசைகாட்டி, சாய்வுக் கோணம் அளக்கும் ஆப், தூரம் அளக்க முடிகிற செயற்கைக்கோள் வரைபடம். பெரிய கேமரா வாங்கிய பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்காதீர்கள். அது இரண்டாம் வருடத்துச் செலவு.

முதல் நாளே போனின் திசைகாட்டியைச் சோதித்துப் பாருங்கள். புதிய கலங்கரை விளக்கம் தெரிகிற ஓர் இடத்தில் நின்று அதன் திசையைப் பாகையில் குறியுங்கள். பிறகு வரைபடத்தில் நீங்கள் நின்ற இடத்தையும் கலங்கரை விளக்கத்தையும் கோட்டால் இணைத்து உண்மையான திசையைப் பாருங்கள். இரண்டுக்கும் 5 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் போனை எட்டு வடிவத்தில் சுழற்றிச் சரிசெய்துவிட்டு மறுபடி அளங்கள். வண்டி மேல் உட்கார்ந்தபடி அளக்கக் கூடாது. பக்கத்தில் இரும்பு இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும்.

1. எதை எண்ணுவது என்று முடிவு செய்யுங்கள்

தெருவில் இறங்குவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். குழுவில் ஒருவர் ஹைட்ரா என்னும் ஓடும் கிரேன் வண்டியையும் சேர்த்து எண்ண, இன்னொருவர் சேர்க்காமல் விட்டால், இருவரின் கணக்கையும் ஒன்றாக வைக்கவே முடியாது.

முக்கியப் பட்டியலில் டவர் கிரேன் மட்டும் வரட்டும். தரையில் பதித்த இரும்புத் தூண் மாஸ்ட். அதன் உச்சியில் சுழலும் நீண்ட கை ஜிப். பின்பக்கக் குட்டைக் கையில் கான்கிரீட் எடைக்கட்டிகள் தொங்கும். சைட்டில் பலரும் ஜிப்பைப் பூம் என்பார்கள். நோட்டில் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள், நான் ஜிப் என்றே எழுதுகிறேன்.

இதில் மூன்று வகை இருக்கிறது. உச்சியில் கூம்பு போன்ற தலையும் அதிலிருந்து ஜிப்பைப் பிடித்திருக்கும் இழுகம்பிகளும் இருந்தால் ஒரு வகை. தலையே இல்லாமல் மேலே தட்டையாக இருந்தால் இன்னொரு வகை. ஜிப் கிடையாக இல்லாமல் தூண்டில் கோல் மாதிரி மேலும் கீழும் சாய்ந்தால் அது லஃபிங் கிரேன். நெருக்கமான இடத்தில், பக்கத்து இடத்தின் மேல் ஜிப் போகாமல் இருக்க வேண்டிய வேலைகளுக்கு இதைப் போடுகிறார்கள்.

ஹைட்ராவை எண்ணாதீர்கள். சுமையைத் தூக்கிக்கொண்டே ஓடுகிற அந்த வண்டி காலையில் முத்தியால்பேட்டையில் நிற்கும், மாலையில் வில்லியனூரில் நிற்கும். அதை எண்ணினால் கிடைப்பது வாடகை வண்டிகளின் நடமாட்டம்தான், கட்டுமானம் அல்ல. லாரி மேல் ஏற்றிய பெரிய மொபைல் கிரேனும் பட்டியலில் வராது. ஆனால் அதைப் பார்த்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள். டவர் கிரேனை ஏற்றவும் இறக்கவும் அதுதான் வரும்.

தூரத்திலிருந்து அதிகம் ஏமாற்றுவது பூம் பிளேசர். கான்கிரீட்டை மேலே தள்ளும் அந்த வண்டியின் மடங்கும் கையைக் கிரேன் என்று எழுதாத புதியவரை நான் பார்த்ததில்லை. கையோடு ஒட்டிக் குழாய் ஓடும், நுனியில் கொக்கிக்குப் பதிலாக ரப்பர் குழாய் தொங்கும். அதற்கடுத்து பைலிங் ரிக்: நெட்டுக்குத்தான கம்பம், நடுவில் துளையிடும் தண்டு, சுற்றி ஒரே சேறு. மொட்டை மாடி விளிம்பில் செங்கல் ஏற்றும் மினி கிரேனும், சுவரை ஒட்டி ஏறி இறங்கும் ஹாய்ஸ்ட்டும் நம் கணக்கில் இல்லை.

சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கொக்கி இருக்கிறதா? மாஸ்ட் மேல் முழு வட்டம் சுழலுமா? ஒரு வாரம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் எழுதுங்கள்.

பாலம், துறைமுக வேலைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் இடையே வரவிருக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த மாதிரி வேலையில் பைலிங் ரிக், சங்கிலிச் சக்கரக் கிராலர் கிரேன், உத்திரங்களைத் தூக்கி வைக்கும் லாஞ்சர் என்று வேறு எந்திரங்கள்தான் வரும். அவை வேலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். நிலையாக நிற்கும் டவர் கிரேனோடு கலந்தால் இரண்டு கணக்கும் கெடும்.

2. எல்லையைப் போட்டுச் சுற்றுகளாகப் பிரியுங்கள்

புதுச்சேரியில் அரசு எல்லையை நம்பிச் சுற்று போட முடியாது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கடலூர் சாலையில் போனாலும் எல்லை குறுக்கே வந்துவிடும். ஆகவே எல்லையைச் சாலைகளால் போடுங்கள். கிழக்கே கடல், வடக்கே காலாப்பட்டு, மேற்கே வில்லியனூர், தெற்கே கிருமாம்பாக்கம் என்று வைத்துக்கொண்டால் நான்கு சுற்றுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் பைக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் கடைசி அரை மணி நேரம் அவசரமாகப் பார்ப்பீர்கள், அந்தப் பகுதியில்தான் கிரேன்கள் தவறும்.

கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம் ஒரு சுற்று, முதுநகரும் சிப்காட் பக்கமும் இன்னொரு சுற்று என்று வைக்கலாம். சிப்காட்டில் ஆலைகளுக்குள் நிரந்தரமாக நிற்கும் தூக்கிகள் இருக்கும். அவற்றை ஒருமுறை "நிரந்தரம்" என்று குறித்துவிட்டால் பிறகு குழப்பாது.

முதல் மாதம் ஒரே ஒரு சுற்றை எடுங்கள். ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தவர்கள் ஆறு வாரத்தில் நின்றுவிட்டார்கள். நீங்கள் போகாத பகுதி வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும். பார்க்கிறவர் அங்கே கிரேனே இல்லை என்று நினைத்துக்கொள்வார். அரைகுறை வரைபடத்தால் வரும் தீங்கு அதுதான்.

3. உயரமான இடத்திலிருந்து தொடங்குங்கள்

கிரேனைத் தேடித் தெருத் தெருவாகப் போவது வீண் வேலை. குறுகிய தெருவில் நின்றால் பக்கத்து இரண்டு மாடி வீடே கண்ணை மறைத்துவிடும். முதலில் உயரமான இடம், அப்புறம்தான் தெரு.

எல்லாரும் முதலில் கடற்கரைச் சாலைக்குத்தான் போவார்கள். மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனம் விடாததால் நடக்க வசதியான இடம்தான். ஆனால் ஊரைப் பார்க்க அது உதவாது. கடலை ஒட்டிய கட்டட வரிசையே பின்னால் இருப்பதை மறைத்துவிடுகிறது. அங்கே போய் ஒன்றும் தெரியாமல் சோர்ந்து திரும்பியவர்கள் பலர்.

நல்ல இடங்கள் வேறு. 100 அடிச் சாலை ரயில்வே மேம்பாலம், அரும்பார்த்தபுரம் மேம்பாலம், தெற்கே சுண்ணாம்பாற்றுப் பாலம், வடமேற்கே கோரிமேடு, லாசுப்பேட்டைப் பக்கத்துச் செம்மண் மேடு. கடலூரில் கேப்பர் மலை. நண்பர் யாருக்காவது நான்காவது மாடியில் வீடு இருந்தால் அந்த மொட்டை மாடி இவை எல்லாவற்றையும் விட நல்லது. மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கீழே நிறுத்திவிட்டு நடைபாதையில் ஏறிப் போங்கள், நடைபாதை இல்லாத பாலத்தை விட்டுவிடுங்கள்.

நேரமும் முக்கியம். காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். ஊருக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் கிரேனின் நிறமும் எழுத்தும் தெளிவாகத் தெரியும். மேற்குப் பக்கத்து இடங்களுக்கு மாலையில் போங்கள். தவறான வேளையில் போனால் எல்லாக் கிரேனும் கறுப்புக் குச்சியாகத்தான் தெரியும். மழை விட்ட மறுநாள் காலை மிக நன்றாக இருக்கும், காற்றில் தூசி அடங்கியிருக்கும்.

இரவில் சிவப்பு விளக்கை வைத்து எண்ணாதீர்கள். செல்போன் கோபுரங்களிலும் அதே விளக்குதான்.

4. இரண்டு திசைக்கோடுகளால் இடத்தைப் பிடியுங்கள்

மேட்டிலிருந்து தெரியும் ஒவ்வொரு கிரேனின் திசையையும் பாகையில் எழுதுங்கள். வரைபடத்தில் உங்கள் இடத்திலிருந்து அந்தத் திசையில் ஒரு கோடு. பிறகு வேறோர் உயரமான இடத்துக்குப் போய் அதே கிரேனுக்கு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கிரேன் நிற்கிறது.

இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகைக்குப் பக்கமாக இருப்பது நல்லது. 30 பாகைக்குக் கீழே போனால் கோடுகள் ஏறக்குறைய இணையாக ஓடும், வெட்டுப்புள்ளி எங்கே வேண்டுமானாலும் விழும். போன் திசைகாட்டியில் 3 பாகை பிழை சாதாரணம். 2 கிலோமீட்டர் தூரத்தில் அதுவே 100 மீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே வெட்டுப்புள்ளி என்பது ஒரு தெருக்கூட்டத்தைக் காட்டும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அடையாளம் நேரில் போய்த்தான்.

இரண்டாவது இடத்தில் நின்று பார்க்கும்போது வேறு கிரேனை அதே கிரேன் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. முதல் இடத்திலேயே ஓர் அடையாளத்தை எழுதிவிட்டால் இது நடக்காது: "தட்டைத்தலை, எடைக்கட்டி நான்கு, ஜிப் நடுவில் பேனர்."

5. பக்கத்தில் போங்கள், வேலிக்கு வெளியே நில்லுங்கள்

ஜிப் சுழலும் வட்டத்துக்கு வெளியே நின்று பார்ப்பது முதல் விதி. பொதுச் சாலையே அந்த வட்டத்துக்குள் வந்தால் அங்கே நிற்காமல் எதிர்ப்பக்கம் தள்ளிப் போங்கள். கம்பிக்கட்டு தொங்கும்போது அண்ணாந்து போட்டோ எடுப்பது எந்தப் பதிவுக்கும் தேவையில்லை.

வாட்ச்மேனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "அண்ணே, ஊர்ல எத்தனை டவர் கிரேன் நிக்குதுன்னு கணக்கெடுக்கிறோம், உள்ள வரமாட்டோம், வெளிய நின்னு ஒரு போட்டோ மட்டும்" என்றால் பெரும்பாலும் சரி என்பார். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அடுத்த தெருவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேலை செய்கிறவர்களின் முகம் படத்தில் விழக் கூடாது. பிழைக்க வந்தவர்களின் படத்தை நாம் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சைட்டுக்கு எதிரில் டீக்கடை இருந்தால் அங்கே ஒரு டீ குடியுங்கள். கிரேன் எந்த வாரம் ஏறியது, எந்த நாள் லாரி வந்து தெருவை அடைத்தது என்பது கடைக்காரருக்கு நன்றாக நினைவிருக்கும். அவர் சொன்னதை "கேட்டது" என்று குறியுங்கள், "பார்த்தது" என்று எழுதாதீர்கள்.

டிரோன் வேண்டாம். விமான நிலையம் லாசுப்பேட்டையில், ஊரை ஒட்டியே இருக்கிறது. ட்ரோன் விதிகள் 2021-இல் விமான நிலையத்தைச் சுற்றித் தடையும் முன் அனுமதியும் உண்டு. நம் வேலைக்குத் தரையே போதும்.

6. எந்திரத்தை அடையாளம் காணுங்கள்

நிறத்தை வைத்து நிறுவனத்தைச் சொல்லாதீர்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் தங்கள் நிறத்தை அடித்துவிடுவார்கள். ஜிப்பிலோ எதிர்ப்பக்கக் கையிலோ தொங்கும் பேனரில் உள்ள பெயர் கிரேன் உரிமையாளருடையதாக இருக்கலாம், கட்டுகிறவருடையதாக இருக்கலாம், தயாரித்தவருடையதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டு, தெரிந்ததை மட்டும் நிரப்புங்கள். வாடகைக்காரர் பெயரைக் கட்டுகிறவர் பெயராக எழுதியதால் எங்கள் நோட்டில் ஒரே "பில்டருக்கு" மூன்று கட்டடங்கள் வந்துவிட்டன. சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

மாடல் எண் தெரிந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சீனத் தயாரிப்புகளில் டிசி 5013 என்றிருந்தால் முதல் இரண்டு இலக்கம் ஜிப்பின் நீளம், 50 மீட்டர். அடுத்த இரண்டு, ஜிப் நுனியில் தூக்கக்கூடிய எடை, 1.3 டன். இந்த நீளம் அந்த மாடலின் முழு நீளம். இடத்துக்கு ஏற்பச் சில துண்டுகளைக் கழற்றிக் குட்டையாகவும் மாட்டுவார்கள், ஆகவே மாடலைப் பார்த்து நீளத்தை நிரப்பக் கூடாது. பொட்டைன், லீபெர் போன்றவர்களின் எண் முறை வேறு, அதை இப்படிப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

7. உயரத்தை அளங்கள்

சுலபமான வழி 45 பாகை வழி. தரை சமமாக இருக்கும் சாலையில் பின்னால் நகர்ந்துகொண்டே போங்கள். மாஸ்ட் உச்சியை நோக்கும் கோணம் சரியாக 45 பாகை காட்டும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மாஸ்ட் அடிவரை உள்ள தூரம்தான் உங்கள் கண்மட்டத்துக்கு மேல் உள்ள உயரம். அதோடு கண் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் முடிந்தது.

அந்த இடத்தில் நிற்க முடியாவிட்டால் தூரத்தைக் கோணத்தின் டேன்ஜெண்டால் (கால்குலேட்டரில் tan) பெருக்குங்கள். 60 மீட்டர் தூரம், கோணம் 40 பாகை என்றால் 60 பெருக்கல் 0.839, அதாவது 50.3 மீட்டர். கண் உயரத்தோடு ஏறத்தாழ 52.

இதில் எல்லாரும் செய்யும் பிழை, தூரத்தை வேலி வரை அளப்பது. மாஸ்ட் வேலியிலிருந்து 10 மீட்டர் உள்ளே இருந்தால் மேலே சொன்ன கணக்கில் 8 மீட்டர் குறைந்துவிடும், கிட்டத்தட்ட மூன்று மாடி. செயற்கைக்கோள் படத்தில் மாஸ்ட் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து அதுவரை அளங்கள். படம் பழையது என்றால் கிரேன் அதில் இருக்காது. அப்போது இரண்டு பக்கத் தெருக்களிலிருந்து திசை எடுத்துப் புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

சரிபார்க்க மாஸ்ட் துண்டுகளை எண்ணுங்கள். ஒரே அளவுள்ள பெட்டிகளை அடுக்கியதுபோல இருக்கும். ஒரு துண்டு பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று மீட்டர். பக்கத்தில் எழும் கட்டடத்தின் ஒரு மாடியோடு ஒப்பிட்டால் துண்டின் அளவு பிடிபடும். கிரேனின் உச்சியா, ஜிப்பின் அடியா, எதை அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூம்புத்தலைக் கிரேனில் இரண்டுக்கும் பல மீட்டர் வித்தியாசம் வரும்.

கட்டடம் வளர வளரக் கிரேனும் துண்டு சேர்த்து உயரும், சில இடங்களில் கட்டடத்தோடு இரும்புச் சட்டங்களால் பிணைப்பார்கள். ஆகவே உயரத்தை ஒருமுறை அளந்துவிட்டு விட்டுவிட முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகளை எண்ணினால் போதும், கோணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

8. இடத்துக்கு ஓர் எண், எந்திரத்துக்கு ஓர் எண்

இரண்டையும் பிரித்தே வையுங்கள். இடத்துக்கு "பு-7" என்றால் எந்திரத்துக்கு "எ-12". வேலை முடிந்ததும் அதே எந்திரம் இன்னொரு இடத்தில் எழும்பும். ஒரே எண் வைத்திருந்தால் ஒன்று இடத்தின் வரலாறு அறுந்துபோகும், இல்லையென்றால் எந்திரத்தின் பயணம் அறுந்துபோகும்.

அதே எந்திரம்தானா என்று எப்படிச் சொல்வது? கேபின் கண்ணாடியில் ஒட்டுப்போட்ட இடம், நிறம் மாறித் தெரியும் ஒற்றை மாஸ்ட் துண்டு, ஜிப்பில் வளைந்த கம்பி. இப்படி இரண்டு அடையாளமாவது பொருந்தினால்தான் "அதே" என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் கேள்விக்குறி போடுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு கிரேன் நின்றால் இரண்டுக்கும் தனித்தனி எந்திர எண். அவற்றின் ஜிப்கள் வேறு வேறு உயரத்தில் இருக்கும், ஒன்றோடொன்று மோதாமல் சுழலத்தான் அப்படி. தூரத்திலிருந்து பார்க்கும்போது "உயரமானது, தாழ்வானது" என்று பிரிக்க அதுவே உதவும்.

9. பதினான்கு நாளுக்கு ஒருமுறை போங்கள், "இல்லை" என்பதையும் எழுதுங்கள்

முழு வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும், பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு சொற்களில் ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும்: உண்டு, இல்லை, தெரியவில்லை, போகவில்லை.

"இல்லை" என்றால் அந்த இடத்தைத் தெளிவாகப் பார்த்தீர்கள், கிரேன் கிடையாது. "தெரியவில்லை" என்றால் போனீர்கள், ஆனால் மழையாலோ புகைமூட்டத்தாலோ உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "போகவில்லை" என்றால் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றையும் காலி இடமாக விட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. எங்கள் குழுவில் ஒரு கார்த்திகை மாதம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. மழையால் போகவில்லையா, போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையா என்று எழுதியவருக்கே இப்போது நினைவில்லை. அந்த மாதத்தில் வந்த இரண்டு கிரேன்களின் வருகைத் தேதியை நாங்கள் இழந்துவிட்டோம். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

வருகைத் தேதியை ஒரே நாளாக எழுதாதீர்கள். கடைசியாக "இல்லை" எழுதிய நாள், முதலில் "உண்டு" எழுதிய நாள், இரண்டையும் எழுதுங்கள். "வைகாசியில் வந்தது" என்பதை விட "மே 18-இல் இல்லை, ஜூன் 1-இல் உண்டு" என்பது நம்பத் தகுந்தது. உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அந்த இடைவெளியை டீக்கடைக்காரர் சொன்னதை வைத்துச் சுருக்கவும் முடியும்.

கிரேன் இன்னும் வராத பெரிய பள்ளங்களையும் பட்டியலில் சேருங்கள். டவர் கிரேன் திடீரென்று முளைப்பதில்லை. முதலில் அதற்கென்று ஒரு கனமான கான்கிரீட் கட்டை போடுவார்கள். அதிலிருந்து நான்கு மூலையிலும் இரும்புக் கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். கான்கிரீட் இறுகக் காத்திருந்து, அப்புறம்தான் மாஸ்ட் ஏறும். அந்த நான்கு கால்களைப் பார்த்த நாளிலிருந்து அந்த இடத்துக்கு வாரம் ஒருமுறை போங்கள். ஏற்றும் வேலையே இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

படத்தை எப்போதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே ஜூமில் எடுங்கள். எங்கே நின்றீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள்: "மெடிக்கல் ஷாப் எதிரில், மின்கம்பத்துக்கு இடது பக்கம்." ஆறு மாதப் படங்களை வரிசையாக வைத்தால் மாடி மாடியாகக் கட்டடம் எழுவது தெரியும்.

10. ஜிப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறியுங்கள்

இதைப் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான், பயனும் பெரிது.

வேலை முடிந்து ஆபரேட்டர் இறங்கும்போது சுழல் பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்குவார். அப்போதுதான் ஜிப் காற்றுக்கு ஏற்பத் தானே திரும்பும். பிடித்து நிறுத்தினால் பக்கவாட்டுக் காற்றின் முழு அழுத்தமும் மாஸ்ட் மேல் விழும். எதிர்ப்பக்கக் கையை விட ஜிப் நீளம், அதில் காற்று அதிகம் பிடிக்கும். ஆகவே காற்று எந்தப் பக்கம் போகிறதோ ஜிப் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்.

நம் கடற்கரையில் இதை அழகாகப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் ஞாயிற்றுக்கிழமை காலை மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும்போது ஓய்வில் நிற்கும் கிரேன்கள் கடலைப் பார்த்து நிற்கும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் ஒவ்வொன்றாக மேற்கே திரும்பும். கடலை ஒட்டியது முதலில், உள்ளே தள்ளி இருப்பது பிறகு. வடகிழக்குப் பருவக் காற்றில் எல்லாம் தென்மேற்கைப் பார்க்கும்.

பதிவுக்கு இது எப்படி உதவும்? வார நாளிலும் ஒரு கிரேன் ஒவ்வொரு முறையும் காற்றோடு மட்டுமே நிற்கிறது என்றால் அங்கே வேலை நின்றிருக்கலாம். மூன்று சுற்று தொடர்ந்து அப்படி இருந்து, மாஸ்ட் துண்டும் கட்டட மாடியும் கூடவில்லை என்றால் "ஓய்வில்" என்று எழுதுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிவிடாதீர்கள், அன்று மதியச் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கலாம். லஃபிங் கிரேனிலும், உயரமான கட்டடத்தின் காற்று மறைவில் நிற்கும் கிரேனிலும் இந்த அடையாளத்தை நம்பாதீர்கள்.

புயல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல், இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. எச்சரிக்கை வந்தபின் யாரும் கிரேன் பார்க்கப் போகக் கூடாது. காற்று அடங்கி, சாலை திறந்தபிறகு தூரத்திலிருந்து ஒரு சுற்று போங்கள். மாஸ்ட் சாய்வாகவோ ஜிப் வளைந்தோ தெரிந்தால் முதல் வேலை சைட்டில் இருக்கும் பொறுப்பாளரிடம் சொல்வது. படத்தைப் பரப்புவது நம் வேலை இல்லை.

11. கட்டட விவரத்தை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்

கண்ணால் பார்த்த பதிவு ஒழுங்கான பிறகு இதற்கு வாருங்கள். ஆவணத்தைப் பார்த்துவிட்டுக் கிரேனைத் தேடினால் அதில் இருப்பதை மட்டுமே தேடுவீர்கள்.

விற்பனைக்குக் கட்டும் அடுக்குமாடிகள் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்துக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் விலக்கு உண்டு. பதிவில் எத்தனை மாடி, எப்போது முடிப்பார்கள் என்பதெல்லாம் இருக்கும். கோட்டக்குப்பம் பக்கத்துக் கட்டடத்தைத் தமிழ்நாட்டு ஆணையப் பட்டியலில் தேடுங்கள், முத்தியால்பேட்டையில் உள்ளதைப் புதுச்சேரிப் பட்டியலில். ஒன்றில் கிடைக்காததும் பதிவே இல்லாத கட்டடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம் இவற்றில் எதுவும் அங்கே இருக்காது, அவை விற்பனைக்கு இல்லை. அவற்றுக்கு சைட் வாசலில் உள்ள பலகைதான் ஆதாரம். பலகையைப் படம் எடுத்து, தேதியோடு வையுங்கள்.

12. இறக்கும் நாளைப் பிடித்து, பக்கத்தை மூடுங்கள்

கிரேன் இறங்கப் போகிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. மொட்டை மாடி சென்ட்ரிங் பிரித்தாகிவிட்டது, கொக்கி நாள் முழுக்கக் காலியாகத் தொங்குகிறது, வாசலில் மண் கொட்டிப் பெரிய வண்டி நிற்க மேடை போடுகிறார்கள். இரண்டு தெரிந்ததும் வாரம் இருமுறை பாருங்கள்.

மொபைல் கிரேன் பெரும்பாலும் போக்குவரத்து இல்லாத விடிகாலையிலோ ஞாயிறன்றோ வரும். முதலில் எடைக்கட்டிகளில் சில இறங்கும், பிறகு ஜிப், மீதிக் கட்டிகள், எதிர்ப்பக்கக் கை, கேபின், கடைசியில் மாஸ்ட் துண்டுகள். மாடலுக்கு ஏற்ப வரிசை சற்று மாறும். கட்டிகளை முழுவதும் முதலிலேயே எடுத்துவிடுவதில்லை. ஜிப் இருக்கும்போது எதிர் எடை இல்லாவிட்டால் கிரேன் முன்பக்கம் சாயும். ட்ரெய்லர்களில் ஏற்றும்போது துண்டுகளை எண்ணிவிடுங்கள், உங்கள் உயர அளவை அதை வைத்துச் சரிபார்க்கலாம். எந்திரத்தின் ஒட்டுப்போட்ட அடையாளங்களைத் தரைமட்டத்தில் படமெடுக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பும் அன்றுதான்.

இறங்கியதும் பக்கத்தை உடனே மூடாதீர்கள். பெரிய வளாகங்களில் ஒரு பிளாக்கிலிருந்து இறக்கி அடுத்த பிளாக்கில் ஏற்றுவது உண்டு. இன்னும் இரண்டு சுற்று போய், இரண்டிலும் "இல்லை" என்று எழுதிய பிறகு இடத்தின் பக்கத்தின் கீழே கோடு போடுங்கள். எந்திரத்தின் பக்கம் திறந்தே இருக்கட்டும். "எ-12, பு-7-இலிருந்து இறங்கியது, வடக்கே ஈசிஆர் பக்கம் போன ட்ரெய்லர் நான்கு" என்று எழுதி, அடுத்த வரியைக் காலியாக விடுங்கள்.